பத்திலிருந்து எட்டுக்கு

செவ்வாய், வியாழன் என்றால் என் பேத்திக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. திங்களும் புதனும் வலிக்காது. சனிக்கிழமை பீச்சுக்குப் போகலாம் என்றால் முதல் ஆளாக வாசலில் நிற்பாள். 39 வருஷம் அரசாங்க ஆபீசில் மற்றவர்களின் லீவு லெட்டரை வாங்கி ஃபைலில் கோத்தவன் நான். கிழமை பார்த்து வரும் வலி எனக்குத் தெரியாதா? ஆனாலும் உடனே எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் அவளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. எட்டு வயது. வீட்டில் கால் தரையில் பாவாது. கட்டிலில் குட்டிக்கரணம், கூடத்தில் சக்கரம், ஜன்னல் கம்பியில் தொங்கல். இவளை எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் அவளுக்கு தீபா கர்மாகர் வீடியோவைக் காட்டினாள். அகர்தலாவில் பிறந்த பெண். தட்டைப் பாதம், இந்த விளையாட்டுக்கு அது பெரிய குறை. அதையும் பயிற்சியால் வென்று, இந்தியாவிலிருந்து ஒலிம்பிக்குக்குப் போன முதல் பெண் ஜிம்னாஸ்ட் ஆனவர். 2016-இல் ரியோவில் வெறும் 0.15 புள்ளியில் வெண்கலம் தவறி நாலாவதாக வந்தார். அந்த வீடியோவை என் பேத்தி பார்த்த பார்வையில் போனே தேய்ந்திருக்க வேண்டும்.

போன ஜூனில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்த்தோம். கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. ஓய்வு பெற்றவனுக்கு அரசாங்கம் கொடுப்பது பென்ஷன், பிள்ளைகள் கொடுப்பது டியூட்டி.

முதலில் ஆரம்ப வகுப்பில் போட்டார்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள். மெத்தையில் குட்டிக்கரணம், தவளைத் தாவல், கோட்டின் மேல் நடை. நம்முடையவளுக்கு ஒரு மாசத்தில் சலித்துவிட்டது. வரிசையில் நின்றபடியே வில்லாக வளைந்து காட்டி, சின்னதுகளைச் சிரிக்கவைத்து, மாஸ்டரிடம் திட்டு வாங்கினாள். என் மகள் போய், "இவளுக்கு இதெல்லாம் தெரியும் சார், மேல போடுங்க" என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மாஸ்டரும் ஒரு நாள் சோதித்துப் பார்த்தார். சக்கரம் அடித்தாள். பின்னால் வளைந்து கையை ஊன்றிப் பாலம் போட்டாள். இரண்டு காலையும் நீட்டித் தரையோடு தரையாக உட்கார்ந்தாள். "சரி, பெரிய குரூப்புக்கு வரட்டும்" என்றார். அன்று வீட்டில் கேசரி. நானும் சும்மா இல்லை, இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாசம்தான் வயிற்று வலி வந்தது.

பெரிய குரூப்பில் பத்து, பதினோரு வயதுப் பெண்கள். பின்னால் வளைந்து, கையில் உடம்பைத் தாங்கி, ஒவ்வொரு காலாக அந்தப் பக்கம் எடுத்துப் போட்டு எழுந்து நிற்க வேண்டும். பேக் வாக்ஓவர் என்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கவனித்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்றாள். முன்னால் இரண்டு பேர் முடித்ததும் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து கடைசியில் நின்றுகொண்டாள். மறுபடி அவள் முறை நெருங்கியபோது, நன்றாகக் கட்டியிருந்த தலைமுடியை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். பின்னால் இருந்த பெண்ணைக் கையைக் காட்டி முன்னே அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் அவள் மெத்தைக்குப் போனது இரண்டே தடவை. மாஸ்டர் இரண்டு வரிசையைப் பார்க்கிறவர், அவர் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டது. அந்த வித்தையில் நான் அவளுக்கு முன்னோடி.

1959. எனக்கும் அப்போது எட்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் வகுப்புக் கணக்கு தலைகீழ் என்பது பழைய புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். பதினோராவதில் தொடங்கி, பத்து, ஒன்பது என்று இறங்கி, ஒன்றாவதுக்கு வந்து, அதற்கும் மேலே தெர்மினாலில் முடியும். எனக்கு திக்தே நன்றாக வரும். முசியே சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஐந்து பிழை போனால் மார்க் சுழியம். எனக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போனதில்லை. கோர்ட்டில் டவாலியாக இருந்த என் அப்பா இதைப் பிடித்துக்கொண்டார். பையனுக்கு ஒரு வகுப்பு மிச்சமானால் ஒரு வருஷம் முன்னால் சம்பளம் வரும் என்பது அவர் கணக்கு. யார் யாரையோ பார்த்து, கும்பிட்டு, என்னை ஒன்பதாவதைத் தாண்ட வைத்தார். பத்திலிருந்து நேராக எட்டு. எதிர்வீட்டுப் பாட்டி, "பையன் ரெண்டு கிளாஸ் எறங்கிட்டானாமே" என்று அம்மாவிடம் வந்து துக்கம் விசாரித்தாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பாட்டி சொன்னதுதான் சரி என்று எனக்கு ஒரு மாசத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு இலக்க எண்ணால் வகுப்பதை ஒன்பதாவதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சு முறையில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, நடுவே ஒரு கோடு இறக்கி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே விடை எழுத வேண்டும். எனக்குக் கோடு போடத் தெரியும். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாது. கரும்பலகைக்குக் கூப்பிடும் நேரம் நெருங்கினால், மைப் பேனாவின் முள்ளை மேஜையில் அழுத்தி வளைத்துவிடுவேன். புது முள் கேட்டு முசியேவிடம் போவேன். அதற்குள் என் முறை தாண்டிவிடும்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள், அப்பா தலைகுனிவார் என்று பயம். வகுத்தல் பிறகு எப்படியோ வந்துவிட்டது. முள்ளை வளைக்கும் பழக்கம்தான் போகவில்லை. கணக்கு இருக்கும் பக்கமே தலைவைக்காமல் படிப்பை முடித்தேன். அப்பா கடைசிவரை என்னை டபுள் பிரமோஷன் வாங்கிய பையன் என்றே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

1972-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபைலெல்லாம் ஆங்கிலம். நானோ பிரெஞ்சில் படித்தவன். மறுபடியும் தகுதிக்கு மீறிய வகுப்பு! முதல் வாரம் பழைய வேலைதான்: ஃபைலைத் தேடுவது போல அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பது. எங்கள் தலைமை எழுத்தர் மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "உனக்கு எதெல்லாம் தெரியாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுப்பா" என்றார். இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுத்தேன். 21 வயதில் முதல் தடவையாக மூச்சு விட்டது போல இருந்தது. அந்த மனிதரால்தான் நான் 39 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது.

பேத்தியிடம் உடனே கேட்காததற்குக் காரணம் இதுதான். "பயமா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் வீட்டுக்குத் திரும்பும்போது பேனா முள் கதையைச் சொன்னேன். சிரித்தாள். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, "தாத்தா, என் கை நிக்க மாட்டேங்குது. மடங்கிடும்போல இருக்கு. தலையில விழுந்துடுவேன்" என்றாள்.

"மாஸ்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா குட்டிப் பசங்களோட போட்டுடுவாங்க. அம்மா பாவம், கேசரியெல்லாம் செஞ்சாங்க."

கேசரியை நானும்தானே தின்றேன்!

அன்று ராத்திரி மகளிடம் பேசினேன். "மூணு தடவை கேட்டு மேல போட வச்சேன்ப்பா. இப்ப எந்த மொகத்தோட போய் எறக்குங்கன்னு கேக்கறது?" என்றாள். என் வகுத்தல் கதையைச் சொன்னேன். தாத்தா வாயால் டபுள் பிரமோஷன் பெருமையை மட்டும் கேட்டு வளர்ந்தவள் அவள். வெகுநேரம் பேசவில்லை. "ஏன்ப்பா இத்தனை வருஷம் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். வெட்கம் என்றேன். வேறு என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். மாஸ்டர் அவளைச் சுவரோரம் கூப்பிட்டு, கையை ஊன்றிக் காலைச் சுவரில் சாய்த்துத் தலைகீழாக நிற்கச் சொன்னார். நாலு விநாடி. முழங்கை மடங்கிவிட்டது. அவர் இறக்கிவிட்டுச் சொன்னார்: "ஒடம்பு வளையுது சார், தாங்கல. வளையறது வேற, தாங்கறது வேற. அன்னிக்கு நான் வளையறதை மட்டும் பாத்துட்டேன். தப்பு என்னுது."

பிறகு பொறுமையாக விளக்கினார். பின்னால் போய்க் கையை ஊன்றும் எந்த வித்தையிலும் ஒரு நொடி உடம்பின் பாரம் முழுக்கக் கையில்தான் நிற்கிறது. தோளும் கையும் தாங்காவிட்டால் அடி விழுவது தலைக்கும் கழுத்துக்கும். தீபா தாவிய அந்த ப்ரோடுனோவா தாவலும், காற்றில் இரண்டு பல்டி அடிப்பதற்கு முன்னால், கையை ஊன்றி உந்துவதில்தான் பிறக்கிறது என்றார். எங்கள் வீட்டில் நூறு தடவை அந்த வீடியோ ஓடியிருக்கும். ஒருவரும் கையைப் பார்க்கவில்லை.

முடிவு இது. செவ்வாயன்று சின்னப் பிள்ளைகளோடு சுவரோரப் பயிற்சி. வியாழனன்று பெரிய குரூப்பில் வளையும் பயிற்சியும், 10 சென்டிமீட்டர் அகலக் கட்டையில் நடையும் மட்டும். சுவரில் 30 விநாடி நின்ற பிறகு மற்றதைப் பார்க்கலாம். பேத்தியைப் பார்த்து, "வரலேன்னா வரலேன்னு சொல்லணும். சொன்னா கீழ போட மாட்டேன், சொல்லாம இருந்தாதான் போடுவேன்" என்றார். எங்கள் தலைமை எழுத்தர் ஞாபகம் வந்தது.

பேரப் பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெற்றோருக்கு நேரமில்லை, மாஸ்டருக்குக் கண் இரண்டுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் வரிசை முழுதும் தெரிகிறது. பிள்ளை சேஷ்டை செய்துகொண்டே நின்றால் வகுப்பு அதற்குச் சின்னது. தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டே இருந்தால் பெரியது. 'எனக்கு இது வரலை' என்று வெட்கப்படாமல் சொல்ல முடிகிற இடம்தான் பிள்ளைக்கு ஏற்ற வகுப்பு. அது எந்த நம்பராக இருந்தால் என்ன?

வயிற்று வலி இந்த மாசம் ஒரே ஒரு தடவை வந்தது. அது நிஜமான வலி. முதல் நாள் கல்யாண வீட்டில் மூன்று ஐஸ்கிரீம்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள் சுவரோரம் நிற்க, நான் பெஞ்சிலிருந்து பிரெஞ்சில் எண்ணுகிறேன். அன், தே, த்ருவா... சின்னப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். நேற்று ஓன்ஸ் வரை நின்றாள். அதாவது பதினொன்று. எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கும் எண்.