வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை விடும் நேரத்தில் பழைய மாணவி ஒருவர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை இப்போது தரம் 8. அக்காவைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். “டீச்சர், இவளுக்கு நெட்போல் ஆட ஆசை. பர்தாவோட ஆட விடுவாங்களா?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எங்களால்தான் அவர் முகத்தைப் பார்த்து உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நாங்கள் என்றால் நெட்போல் அணிக்குப் பொறுப்பான இரண்டு டீச்சர்மார். ஒருவர் பர்தா போட்டவர், மற்றவர் பொட்டு வைத்தவர். 2014-இல் இருவரும் கல்லூரிப் பயிற்சி முடித்து வந்த புதிது. அந்த வருடம் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். எங்கள் கோல் ஷூட்டர் இந்த அக்காதான். ஆட்டம் தொடங்கப் போகும் நேரம் பொறுப்பாளர் ஒருவர் வந்து, “சர்வதேச விதிப்படி தலையை மூடிக்கொண்டு ஆட ஏலாது. கழற்றச் சொல்லுங்க, இல்லாவிட்டால் வேறு பிள்ளையை இறக்குங்க” என்றார்.

பிள்ளை எங்களைப் பார்த்தாள். எந்த விதி, எத்தனையாம் இலக்கம், காட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. “இன்றைக்கு மட்டும் உட்காருங்க மகள்” என்றோம். அவள் வாங்கில் உட்கார்ந்தாள். இடைவேளையில் மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரப் பயிற்சிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அதே 2014 செப்டெம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கத்தார் பெண்கள் பாஸ்கட்போல் அணியிடம் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் மறுத்து, மங்கோலியாவுடனான ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார்கள். பர்தா போட்டவர்களை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடவில்லை. முழு அணியும் சேர்ந்து வெளியேறியது. அந்தச் செய்தியை வாசித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. எங்கள் அணி மைதானத்தில் ஆடியது. ஒரு பிள்ளை மட்டும் தனியாக வாங்கில் இருந்தாள்.

அமெரிக்காவின் பில்கீஸ் அப்துல் காதிரைப் பற்றிப் பிறகு அறிந்தோம். பாடசாலைக் காலத்தில் 3,070 புள்ளிகள் எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சாதனை படைத்தவர். அங்கே பல்கலைக்கழகங்களின் முதற்பிரிவில் ஹிஜாபோடு ஆடிய முதல் வீராங்கனையும் அவர்தான். 2014-இல் படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கழகத்துக்கு ஆடலாம் என்று காத்திருந்தார். ஐரோப்பாவின் பெண்கள் கழகச் சம்பியன்ஷிப் 1958 முதல் நடக்கிறது. உலகின் சிறந்த வீராங்கனைகள் வந்து ஆடும் இடம் அது. ஆனால் சர்வதேசச் சம்மேளனமான ஃபிபாவின் விதி தலையை மூடி ஆடுவதைத் தடுத்தது. அந்தக் கழகப் பருவங்கள் ஒவ்வொன்றாக அவர் இல்லாமலே தொடங்கி, அவர் இல்லாமலே முடிந்தன.

2017 மே மாதம் ஹொங்கொங்கில் கூடிய ஃபிபா அந்த விதியை மாற்றியது. அதே வருடம் ஒக்டோபர் 1 முதல் அனுமதி. நிபந்தனைகளும் சின்னவைதான்: துணி கறுப்பு, வெள்ளை அல்லது அணி உடையின் நிறமாக இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது, குத்தும் ஊசி மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான்! ஆனால் விதி மாறும்போது பில்கீஸுக்கு 26 வயது. அவர் பயிற்றுநராக வேறு பாதையில் போய்விட்டார். புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்தலாம். போன பருவத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதில் எங்களுக்கு இன்னும் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அன்று எங்கள் பிள்ளையை உட்கார வைத்த விதி பாஸ்கட்போல் விதி. நாங்கள் ஆடியது நெட்போல். ஆசிய நெட்போல் சம்பியன்ஷிப் காணொளிகளைப் பாருங்கள். மலேசியப் பிள்ளைகள் பர்தாவோடு, நீளக் கை உடையோடு ஓடி ஆடுகிறார்கள். நெட்போல் பாஸ்கட்போலில் இருந்து பிறந்ததுதான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அதைப் ‘பெண்கள் பாஸ்கட்போல்’ என்றே அழைத்தார்கள். நாட்டுக்கு நாடு வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்க 1960-இல் ஐந்து தரப்புகளின் பிரதிநிதிகள் கூடியது எங்கே தெரியுமா? நமது நாட்டில்தான். அந்த நாட்டில் டீச்சர்மாராக இருந்துகொண்டு, நாங்கள் விதிப்புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனின் தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர். நம்மூரில் ஒரு பிள்ளை கொஞ்சம் உயர்ந்தாலே “இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுறது?” என்று சிரிப்போம். அந்த உயரத்தோடு அவர் மெல்பேர்ன் போய் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்கு ஆடினார். 2018-இல் சிங்கப்பூரில் 69–50 என்று வென்று இலங்கை ஆசியச் சம்பியன் ஆனபோது அணியில் இருந்தார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள், அந்தத் தொடரிலேயே அதிகம். யாரோ ஒரு டீச்சர் எப்போதோ அவர் கையில் பந்தைக் கொடுத்திருப்பார். “இன்றைக்கு மட்டும் உட்காரு” என்று சொல்லியிருக்க மாட்டார்.

சரி, இப்போது விதி தடுக்கவில்லை. பிள்ளைகள் ஆடுகிறார்களா? தரம் 9-க்கு மேல் பயிற்சிக்கு நிற்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். பர்தா போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்ற வித்தியாசம் இதில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு மூன்றரைக்குப் பிறகு பஸ் இல்லை, மழைக்குள் லயத்துக்கு நடக்க வேண்டும். டவுன் பிள்ளைக்குப் பக்கத்துக் கடைக்காரரின் பேச்சு. உம்மாமாரும் அம்மாமாரும் எங்களிடம் சொல்வது ஒரே வசனம்: “பெரிய பிள்ளையாகிட்டாள் டீச்சர்.” அந்தப் பயத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நாங்களும் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தான்.

அதனால் மூன்று விஷயம்.

செவ்வாயும் வியாழனும் பயிற்சி. முடியும்வரை நாங்கள் இருவரும் மைதானத்தில் இருப்போம். தகப்பன்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

ஒரே வழியில் போகும் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப்போக, நமக்குத் தெரிந்த ஓட்டோக்கார அண்ணன்மார், நானாமார் யாராவது முன்வந்தால் பெரிய உதவி.

போட்டிக்குப் போகும்போது இனி விதிப்புத்தகம் எங்கள் பையில் இருக்கும். யாராவது பிள்ளையை உட்கார வைக்கச் சொன்னால், பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்போம். அதற்கு மேலும் ஒரு பிள்ளை உட்கார வேண்டி வந்தால் முழு அணியும் உட்காரும், எங்களோடு சேர்த்து.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் டீச்சர்” என்றார். மறக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். மறந்திருந்தால் அந்தக் கேள்வியோடு வந்திருக்க மாட்டார்.

தங்கைக்குச் சொன்ன பதில் இதுதான்: “ஆடலாம் மகள். பர்தாவை ஊசி இல்லாமல் இறுக்கிக் கட்டிட்டு செவ்வாய்க்கிழமை வாங்க.”

துஆ செய்யுங்கள்.