புது பேரலும் பயோ வாஷ் துணியும்

திருப்பூரிலிருந்து கோவை போகும் வழியில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது அந்த ஐம்பது மீட்டர் ரேஞ்ச். நான் போனபோது கொட்டகைக்குள் நீள மேஜையின் மேல் புது .22 ரைஃபிள் ஒன்று ரப்பர் வைத்த தாங்கிகளில் கிடந்தது. ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்தது. நம் நாட்டுப் போட்டிகளில் அதிகம் கண்ணில் படும் ஆன்ஷுட்ஸ், வால்தர் இரண்டுமே அந்த ஊர்க் கம்பெனிகள்தான். இதன் சொந்தக்காரி கல்லூரி மாணவி, இத்தனை காலம் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகியவர். அவருடைய அப்பா திருப்பூரில் நிட்டிங் யூனிட் நடத்துகிறார்.

அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் அப்பாதான். "ஏனுங்க கோச், புதுசுங்க. தினமும் சுட்டு முடிச்சதும் நல்லாத் தேச்சு சுத்தம் பண்ணி வெச்சரட்டுங்களா?"

கோச் ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பராமரித்த முன்னாள் ஆர்மரர். "வேண்டாமுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு போல்ட்டைக் கழற்றினார். சேம்பரில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேசினார்.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வட்ட நிட்டிங் மெஷின் ஓடும் கூடத்தில் பஞ்சுத் தூசி நிற்காமல் பறக்கும். ஃபீடரிலும் சிங்கரிலும் ஊசிக் காடியிலும் எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். ரோல் இறக்கும்போதெல்லாம் ஏர் அடிக்காமல் விட்டால் துணியில் ஊசிக்கோடு விழும், ஓட்டை விழும், அந்த ரோல் செக்கிங்கில் கழியும். எவ்வளவு துடைத்தாலும் மெஷினுக்குக் கெடுதல் இல்லை என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ரைஃபிள் பேரலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் உள்சுவரை அதிகம் தொடுவது தோட்டா மட்டுமல்ல, துடைக்கும் ராடும்தான்.

.22 போட்டித் தோட்டாவின் குண்டு வெறும் ஈயம். 2.6 கிராம் எடை, நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகம். மேலே மெழுகு கலந்த மசகு பூசியிருக்கும். சுடச்சுட அந்த மெழுகு பேரலின் சுருள் பள்ளங்களில் மெல்லிய படலமாகப் படியும். படலம் சீராக இருக்கும்வரை குண்டுகள் ஒரே இடத்தைத் தேடிப் போகும். துடைத்து எடுத்துவிட்டால் முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் அலையும், மறுபடி படிந்த பிறகுதான் ஓட்டைகள் நெருங்கி குரூப் கூடும். ஐம்பது மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. போட்டிக்கு முந்தைய இரவு பேரலைப் பளபளவென்று ஆக்கிவிட்டு வருகிற பிள்ளைகள் காலையில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

அப்படியானால் ராணுவத்தில் ஏன் நாள்தோறும் பேரலுக்குள் துணி கோத்த கயிறு இழுக்கிறார்கள்? கோச்சிடம் கேட்டேன். பழைய காலத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பேரலில் ஒருவகை உப்பு தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு பிடித்துவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவியதும், நாலுக்கு இரண்டு அங்குலத் துணியைக் கயிற்றில் கோத்து இழுத்ததும் அதற்காகத்தான். இன்றைய போட்டித் தோட்டாக்களில் அந்த உப்பு கிடையாது. ஆனாலும் பழக்கம் நிலைத்துவிட்டது. கயிறு ஒரு பக்கமாகவே உரசி உரசிப் பேரலின் முனையில் தடம் விழுந்து, குறி கெட்டுப்போன பழைய லீ என்ஃபீல்டுகள் உண்டு. அந்தத் தேய்மானத்துக்கென்றே ஆர்மரர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள் என்றால் எத்தனை ரைஃபிள்கள் அப்படிப் போயிருக்க வேண்டும்!

புது பேரலில் முதல் குண்டுக்கு முன் ஒரு சுத்தம் கட்டாயம். கம்பெனியில் துருவுக்காகப் பூசி அனுப்பிய எண்ணெய் உள்ளே இருக்கும், அதோடு சுடக் கூடாது. இந்த இடத்தில்தான் அப்பா தன் பையைத் திறந்தார். உள்ளே வெள்ளை இன்டர்லாக் கட்டிங் வேஸ்ட். திருப்பூரின் வேஸ்ட் துணி ஊர் ஊராக ஒர்க்‌ஷாப்புகளுக்கு மெஷின் துடைக்கப் போவது தெரிந்ததுதான். பேரல் துடைக்க ஆகுமா என்று கோச் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார்.

சிங்கிள் ஜெர்சி ஆகாது. வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், பேட்ச் என்கிற துடைப்புத் துண்டு ராடு நுனியில் கோணலாக உட்காரும். பாலியஸ்டர் கலந்ததும் ஆகாது. இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தட்டையாகக் கிடக்கும். பயோ வாஷ் ஆன துணியானால் இன்னும் நல்லது, என்சைம் மேல்நுனிப் பஞ்சைத் தின்றுவிட்டிருக்கும், உள்ளே இழை உதிராது. நிறம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், வெளியே வரும் அழுக்கின் நிறத்தைப் படிப்பதற்கு. அப்பா இதையெல்லாம் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். கத்தரியை வாங்கி ஓரங்குலச் சதுரங்களாக வெட்ட ஆரம்பித்துவிட்டார். துணி கனமாக இருந்ததால் கோச் அதையும் சற்றுக் குறைக்கச் சொன்னார்.

முனை கொஞ்சம் தாழ இருக்கும்படி ரைஃபிளை வைத்தார்கள், திரவம் ட்ரிகர் பக்கம் வழியாமல் இருக்க. பின்பக்கம், போல்ட் இருந்த இடத்தில், ராடு நடுவாக ஓடுவதற்கான வழிகாட்டிக் குழாய். ராடு ஒரே துண்டு, மேலே பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடியில் பேரிங் இருப்பதால் பள்ளத்தின் சுழற்சியோடு தானும் திரும்பும். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ராடைத் துடைக்க வேண்டும், ஒட்டிய ஒரு மணல் துகள் போதும் உப்புத்தாள் வேலை செய்ய.

"பின்னாடியிருந்து முன்னாடி மட்டும் தள்ளு கண்ணு. முனையில வந்ததும் துணியைக் கழட்டிரு. அழுக்கைத் திருப்பி இழுத்துட்டு வராத."

முதல் பேட்ச் மஞ்சள் எண்ணெயோடு வந்தது. மூன்றாவது ஏறக்குறைய வெளுப்பு. நாலாவதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். பேரலின் வாய் விளிம்பில் ராடு இடிக்காமல் மெதுவாகப் பின்வாங்கும் விதத்தை அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை செய்து காட்டினார். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் நசுங்கினால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறி குண்டைத் தள்ளிவிடும்.

செம்பு உறை போட்ட குண்டுகளுக்குக் கதை வேறு. கோச் பணிக்காலத்தில் கையாண்ட 5.56 இன்சாஸ் அந்த ரகம், திருச்சித் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அப்படிப்பட்ட புது பேரலில் சேம்பரைத் தாண்டிய தொண்டைப் பகுதியில் கடைசலின் குறுக்குக் கீறல்கள் இருக்கலாம். அவை செம்பைச் சுரண்டி எடுத்து மேலே பூசும். ஒரு குண்டு, ஒரு சுத்தம் என்று தொடங்கிப் படிப்படியாக இடைவெளி கூட்டும் வழக்கம் அதனால் வந்தது. பேரல் செய்பவர்களே இதில் இரண்டு கட்சி. ஒரு சாரார் அது தேவை என்பார்கள், மறுசாரார் வீணாக ஆயுளைக் கரைக்கும் வேலை என்பார்கள். உள்ளே கையால் மெருகேற்றிய நல்ல பேரலுக்கு இந்தச் சடங்கு தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது. செம்பு கரைக்கும் திரவம் போட்டால் பேட்ச் நீலமாக வரும். ஆனால் ராடு நுனியில் இருப்பது பித்தளை என்றால் அதுவும் கரைந்து நீலம் காட்டும். பேரல் சுத்தமான பிறகும் மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் இந்தப் பொய் நிறத்தில் ஏமாந்தவர்கள்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இவ்வளவும் வேண்டாம். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஆடியதும் அந்தத் துப்பாக்கியில்தான். வெடிமருந்துக் கரி கிடையாது, எப்போதாவது ஃபெல்ட் துண்டு இரண்டைச் சுட்டுத் தள்ளினால் சரி.

அந்தப் பெண் படுத்த நிலையில் ஒரு பெட்டி, ஐம்பது ரவுண்டு சுட்டார். முதல் சில ஓட்டைகள் சிதறி, பிறகு நெருங்கி வந்தன. ஈயம் ஒட்டுகிறதா என்று பார்க்க ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி இரண்டு ஓட்டினார்கள். கறுப்புச் சாம்பல் நிறம், உரிந்த ஈயத் துகள் இல்லை. கோச் நோட்டில் தேதி, ரவுண்டு, தோட்டா ரகம், பேட்ச் நிறம் எழுதச் சொன்னார்.

"அடுத்து எப்பங்க?" அப்பா விடவில்லை.

"இருநூறு ரவுண்டு போகட்டும். துணியில ஈயம் வரலைன்னா ஐநூறு. அதுக்குள்ள குரூப் விரிஞ்சா அன்னைக்கே பாருங்க. சேம்பருக்கு முன்னாடி கரி வளையம் கட்டும், அங்க மட்டும் வெண்கல பிரஷ்ஷில நாலு தள்ளு."

ஐப்பசி மழையில் பெட்டியின் நுரைக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம் என்றும் சொன்னார், நுரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாரக்கணக்கில் சுடாமல் இருந்தால் எண்ணெய் தொட்ட ஒரு பேட்ச் உள்ளே ஓட வேண்டும், மறுபடி சுடும் நாளில் உலர்ந்த துணியால் அதை எடுத்துவிட வேண்டும். அப்பா அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, மீந்த வெள்ளைத் துணியைக் கொட்டகையில் மற்ற பிள்ளைகளுக்கென்று விட்டுவிட்டுப் போனார்.