மிதித்தால்தான் ஓடும் மோட்டார்

மின்சைக்கிள் என்ற பெயரில் இரண்டு வகை வண்டிகள் விற்கின்றன. ஒன்றில் கைப்பிடியிலுள்ள ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும். மற்றதில் பெடலை மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். வேலைக்குப் போய்வரும் நேரத்திலேயே உடற்பயிற்சியையும் முடித்துக்கொள்ள நினைப்பவருக்குப் பயன்படுவது இரண்டாவது வகை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதை மட்டுமே சாதாரண சைக்கிளோடு சேர்த்து எண்ணுகிறது. மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது; வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டினாலோ கால் ஓய்ந்தாலோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இவற்றுக்கு உட்பட்ட வண்டிக்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டாம், நம்பர் பலகையும் வேண்டாம்.

சைக்கிளில் மோட்டார் வைப்பது பழைய எண்ணம்தான். பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்மோட்டாரைப் பொருத்தும் அமைப்புக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். ஆனால் மனிதனின் காலையும் மோட்டாரையும் கூட்டாளிகளாக்கிய வண்டி 1993-ல்தான் கடைக்கு வந்தது. ஜப்பானில் யமஹா நிறுவனம் விற்ற 'பாஸ்' அது. பெடலில் கால் எவ்வளவு விசை கொடுக்கிறது என்பதை ஓர் உணரி அளக்கும். அதற்கேற்ற விகிதத்தில் மோட்டார் தன் பங்கைச் சேர்க்கும். இன்றைய நல்ல மின்சைக்கிள்கள் எல்லாமே இந்த வழியில் வந்தவை. அழுத்தி மிதித்தால் உதவி கூடும், தளர்ந்தால் குறையும். இதில் உடம்புக்கு வேலை இல்லாமல் போவதே இல்லை. ஆக்சிலேட்டர் வண்டி மொபெட்டுக்கு நெருங்கிய உறவு. உடல்நலக் கணக்கில் அதைச் சேர்க்க நியாயமில்லை.

மிதித்து ஓட்டும் மின்சைக்கிள் ஆழமாக வேரூன்றிய நாடுகளில் ஒன்று நெதர்லாந்து. பெரும்பகுதி தட்டையான நாட்டுக்கு மோட்டார் எதற்கு என்று தோன்றலாம். விடை, காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் காற்றில்லாத நாளில் சுமார் 100 வாட் ஆற்றலைச் செலுத்த வேண்டியிருக்கும். அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால் தேவை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பயிற்சி இல்லாத உடம்பால் அதை நெடுநேரம் தர முடியாது. வடகடலோரம் ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையின் மேல் 2013 முதல் எதிர்காற்று சைக்கிள் போட்டி ஒன்று நடக்கிறது. புயல் அறிவிப்பு வந்த பிறகுதான் அதற்கு நாள் குறிப்பார்கள். கியர் இல்லாத சாதாரண வண்டியில் எட்டரை கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். போட்டியாளர்கள் இதை எப்போதாவது ஒருமுறை விரும்பிச் செய்கிறார்கள். அலுவலகம் போகிறவருக்கோ விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையிலும் மாலையிலும் அதே காற்று. மோட்டார் ஈடுகட்டுவது இந்தக் கூடுதல் சுமையைத்தான். ஆர்னெமையும் நைமேகனையும் இணைக்கும் ரைன்-வால் விரைவுச் சைக்கிள் பாதை 2015-ல் திறக்கப்பட்டது; நீளம் சுமார் 16 கிலோமீட்டர். மோட்டார் இல்லாமல் அன்றாடம் போய்வர அந்தத் தூரம் பலருக்கு மலைப்பாக இருக்கும். மோட்டாரோடு அது வழக்கமான பயணமாகிவிடுகிறது.

மோட்டார் பாதி வேலையைச் செய்துவிட்டால் உடம்புக்கு என்ன மிஞ்சும் என்ற சந்தேகத்துக்கு ஆய்வுகள் தெளிவாகவே விடை தருகின்றன. அமெரிக்காவின் போல்டர் நகரில் காரில் வேலைக்குப் போய்வந்த, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 20 பேரிடம் மின்சைக்கிள் கொடுக்கப்பட்டது. வாரத்தில் மூன்று நாளாவது, நாளுக்கு 40 நிமிடமாவது ஓட்டச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அவர்களுடைய இதய-நுரையீரல் திறனும், உணவுக்குப் பின் சர்க்கரையைக் கையாளும் திறனும் மேம்பட்டிருந்தன. 2016-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது. ஏழு ஐரோப்பிய நகரங்களில் எடுத்து 2019-ல் வெளியான கணக்கு பெரியது. மின்சைக்கிள்காரர்களின் வாராந்திர உடலுழைப்பு சாதாரண சைக்கிள்காரர்களுடையதற்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவர்கள் குறைவாக உழைத்தார்கள், ஆனால் அதிகத் தூரம் போனார்கள்.

அந்த ஏழு நகர ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவர்கள் உடலுழைப்பை 'மெட்-நிமிடம்' என்ற அலகால் அளக்கிறார்கள். ஓய்வில் செலவாவதைப் போல எத்தனை மடங்கு ஆற்றல், எத்தனை நிமிடத்துக்கு என்று பெருக்கி வரும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச வாராந்திர அளவு இந்த அலகில் சுமார் 600. காரை விட்டு மின்சைக்கிளுக்கு வந்தவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 550 கூடியது. சாதாரண சைக்கிளை விட்டு வந்தவர்களுக்குச் சுமார் 200 குறைந்தது. ஆக, மின்சைக்கிள் உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு, முன்பு எதில் போனீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மின்சைக்கிள் பயணம் போல அன்றாட வேலையோடு கலந்த உடலுழைப்பை முதன்முதலில் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர் லண்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் மாரடைப்பு பெருகியபோது காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. மாரிஸ் லண்டனின் மாடி பஸ்களைப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஷிப்டில் 500 முதல் 750 படிகள். சுமார் 31,000 ஆண்களின் நோய்க் கணக்கைத் திரட்டி 1953-ல் 'லான்செட்' இதழில் அவரும் குழுவினரும் வெளியிட்டார்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் பிந்திய வயதில் வந்தது, உயிர்ச்சேதமும் குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்களில் எவரும் இதயத்தைக் காக்கவென்று படி ஏறியவர்கள் அல்லர். அன்றைய கூலிக்கான வேலை அது. உழைப்பு வேலைக்குள்ளேயே இருந்ததால் அதற்கென்று மன உறுதியோ நேரமோ தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

மாரிஸ் குழுவினர் தங்கள் முடிவைத் தாங்களே சந்தேகித்தார்கள் என்பது அந்த ஆய்வின் பெருமை. ஒருவேளை பருத்த உடம்புள்ளவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வருகிறார்களோ? இதைச் சோதிக்க அவர்கள் எடுத்த சான்று பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகள். கால்சட்டைகளின் இடுப்பளவைப் போக்குவரத்து நிர்வாகத்தின் பதிவேடுகளிலிருந்து வாங்கி, வயதுவாரியாக ஒப்பிட்டு, 1956-ல் வெளியிட்டார்கள். இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது. வேறுபாட்டில் ஒரு பங்கு வேலைக்குச் சேரும்போதே உடம்போடு வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள். தேடல் நிற்கவில்லை. 1990-ல் மாரிஸ் வெளியிட்ட ஆய்வில் 9,376 அரசு அலுவலர்கள் இருந்தார்கள், எல்லாரும் மேசை வேலைக்காரர்கள். கடுமையான விளையாட்டிலோ, நிறைய சைக்கிள் ஓட்டுவதிலோ, வேக நடையிலோ ஈடுபட்டவர்களுக்கு இதயநோய் மற்றவர்களில் பாதிக்கும் குறைவாக வந்திருந்தது.

இன்றைய புள்ளிவிவரங்களையும் அந்தச் சீருடைக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். பிரிட்டனில் 2,63,450 பேரை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களின் இறப்பு விகிதம் உடலுழைப்பில்லாமல் போய்வந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே திடமாக இருப்பவர்களே சைக்கிளை எடுத்திருக்கலாம் என்ற ஐயத்தை எந்தக் கணிதத் திருத்தமும் முழுதாகப் போக்காது. போல்டரின் 20 பேர் ஆய்வு சிறிதாக இருந்தும் மதிப்புப் பெறுவது இதனால்தான்: அங்கே உட்கார்ந்தே பழகியவர்களின் உடம்பில் மாற்றம் நேரடியாக அளக்கப்பட்டது.

ஆபத்தையும் எடைபோட வேண்டும். நெதர்லாந்தில் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறினால் என்னவாகும் என்று 2010-ல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உடலுழைப்பால் ஆயுள் 3 முதல் 14 மாதம் கூடும். கூடுதல் மாசைச் சுவாசிப்பதால் 0.8 முதல் 40 நாளும், விபத்தால் 5 முதல் 9 நாளும் குறையும். அது சராசரி மட்டுமே. 2017-ல் அந்நாட்டுச் சாலைகளில் 206 சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். காரில் இருந்து இறந்தவர்கள் 201 பேர். மின்சைக்கிளோ கனமானது, புறப்படும்போது உந்தல் அதிகம். வயதானவர்கள் பலர் தடுமாறுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். முதல் சில வாரம் குறைந்த உதவி நிலையில் ஓட்டிப் பழகுவது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் அணிய வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை மின்செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி என்று கொண்டால், ஒரு யூனிட் மின்சாரத்தில் 100 கிலோமீட்டர் போகலாம். நெதர்லாந்து விலையில் அரை யூரோகூட ஆகாது. அதே தூரத்துக்குச் சிறிய கார் ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். செலவு வேறு இடங்களில் இருக்கிறது. வண்டியின் விலை இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் போவது சகஜம். மோட்டாரின் இழுவையால் செயினும், வண்டியின் எடையால் பிரேக் கட்டைகளும் விரைவில் தேயும். திருட்டுக்கு அஞ்சிக் காப்பீடு எடுக்க வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி வலுவிழந்தால் மாற்றுவதற்குப் பல நூறு யூரோ வேண்டும்.

அரசுகள் இதில் கைகொடுக்கின்றன. 2020 ஜனவரி முதல் நெதர்லாந்தில் நிறுவனம் ஊழியருக்குச் சைக்கிள் கொடுத்தால், அதன் விலையில் 7 சதவீதத்தை மட்டுமே ஆண்டுதோறும் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டினால் போதும். பெல்ஜியத்தில் 2023 மே மாதம் முதல், தங்கள் துறையில் இதற்கென ஒப்பந்தம் இல்லாத தனியார் ஊழியர்களுக்கும் சைக்கிள் படி உறுதியானது. தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு 27 சென்ட். பத்து கிலோமீட்டர் தொலைவில் வேலை செய்பவருக்கு அது நாளுக்கு 5.40 யூரோ. பேட்டரி மாற்றும் செலவை இந்தப் படியே தாங்கிவிடும். ஆனால் காரை வாசலில் நிறுத்திவைத்தபடியே மின்சைக்கிளில் போகும் குடும்பம் மிச்சம் பிடிப்பது பெட்ரோலை மட்டும்தான். சாலை வரி, காப்பீடு, தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டு கார் வைத்திருந்து ஒன்றை விற்றுவிடும் குடும்பம், மின்சைக்கிளின் விலையை ஓரிரு ஆண்டில் மீட்டுவிடலாம்.