பெட்டி வேற கடையா?

லேத் முன்னால் நிற்கிறவனுக்குச் சிறுகதையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது பள்ளிக்கூடமே போகாத என் அம்மா.

சென்ற விடுமுறையில் ஒரு நாள் ராத்திரி அம்மா கடலை உடைத்துக் கொண்டிருந்தாள். நூலகத்தில் படித்த ஒரு கதையைச் சொன்னேன். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய 'நெக்லஸ்'. ஒரு குமாஸ்தாவின் மனைவி மத்தில்த், விருந்துக்குப் போகத் தோழியிடம் வைர நெக்லஸை இரவல் வாங்குகிறாள். திரும்பி வந்து பார்த்தால் கழுத்தில் இல்லை!

இங்கேதான் போராட்டம். வில்லன் யாரும் கிடையாது. முதலில் அவள் ஆசைக்கும் புருஷன் சம்பளத்துக்கும் போராட்டம். பிறகு, தோழியிடம் உண்மையைச் சொல்வதா, மானத்தைக் காப்பதா என்ற போராட்டம். 'கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்' என்று பொய்க் கடிதம் எழுதுகிறாள். ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் கதையே வேறு.

நகைப் பெட்டியில் பெயர் இருந்த கடைக்குப் போய் விசாரிக்கிறார்கள். கடைக்காரர் கணக்கைப் பார்த்துவிட்டு, நகை தன் கடையில் வாங்கியதல்ல, பெட்டி மட்டும்தான் தன்னுடையது என்கிறார்.

அம்மாவின் கை நின்றது. "பெட்டி வேற கடையா? அப்ப அது கவரிங்குடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையின் கடைசியில் தெரிய வருவது அதுதானே! 36,000 பிராங்க் கொடுத்து வேறு நெக்லஸ் வாங்கித் தந்து, 10 வருடம் உழைத்துக் கடனை அடைத்த பிறகுதான் தெரிகிறது, தொலைந்தது அதிகம் போனால் 500 பிராங்க் பெறுகிற போலி என்று.

முடிவு தெரிந்ததால் அம்மாவுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டதா? இல்லை. "ஐயோ, கடன் வாங்காதீங்கன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று தவித்தாள். முன்குறிப்பு செய்கிற வேலை இதுதான். நமக்குப் புரிந்தது பாத்திரத்துக்குப் புரியவில்லையே என்று பதற வைக்கிறது. அதற்குப் பெயர்தான் சஸ்பென்ஸ்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். தோழி கொஞ்சமும் தயங்காமல் நகையைக் கொடுக்கிறாள். திரும்பி வந்தபோது பெட்டியைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. நான்தான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். அம்மா சிரித்தபடி காதைத் தொட்டுக் கொண்டாள். அப்போதுதான் அந்தத் தோட்டைச் சரியாகப் பார்த்தேன். கறுத்திருந்தது.

இரண்டு வருடமாக அது கறுத்துக் கொண்டுதான் வந்திருக்கிறது. கேட்டால் 'எண்ணெய் பட்டுருச்சு' என்பாள். டிப்ளமோவில் சேரக் கடைசி நாளில் எப்படியோ பணம் வந்தது. டிரங்குப் பெட்டியில் காலி நகைப் பெட்டி கிடந்தது. இத்தனை முன்குறிப்பு இருந்தும் நான் கவனிக்கவில்லை!

அடுத்த ஆண்டு மலருக்குக் கதை எழுதப் போகும் நண்பர்களே, போராட்டத்தை மனசுக்குள் வையுங்கள். குறிப்பை வாசகன் தாண்டிப் போகிற இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. அடகுச் சீட்டை அம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.