கடகடத்த லென்ஸ்

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்ற பழமொழியைப் பள்ளிக் கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருளை எனக்குக் கற்பித்ததோ ஒரு பழைய காமிரா லென்ஸ்.

எங்கள் பெரியப்பா அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். அந்நிறுவனம் இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கித் தரமணியில் இயங்குகிறது. ஆனாலும் பழைய மாணவர்களுக்கு அது என்றும் 'அடையாறு இன்ஸ்டிட்யூட்'தான். பெரியப்பா மறைந்தபின் அவருடைய ஜெனித் காமிரா காந்தி நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. சோவியத் நாட்டில் செய்தது. அதில் 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் லென்ஸ்.

ஒருநாள் மாலை அதை எடுத்தேன். உள்ளே 'கடகட' என்று சத்தம். அருகில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"கீழே போட்டியாடா?"

"இல்லண்ணா, நான் தொடவே இல்ல."

நான் நம்பவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், அழவில்லை. ஆனால் அதன்பின் நான்கு நாள் என்னோடு பேசவுமில்லை.

மவுண்ட் ரோட்டில் ஒரு கடைக்காரர் லென்ஸை ஒருமுறை குலுக்கிப் பார்த்து, "உள்ளே கண்ணாடி உடைஞ்சிருக்கும். இனிமே உதவாது" என்று திருப்பிக் கொடுத்தார். வகுப்புத் தோழன் ஒருவனோ, "என் புது லென்ஸும்தான் கடகடக்குது" என்று சிரித்தான். அவன் சொன்னது உண்மை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் புதுவகை லென்ஸ்களில் ஒரு கண்ணாடி மிதந்தபடி இருக்கும். காமிராவை அணைத்தால் பிடிப்பு விட்டு ஆடும், அது பழுதல்ல. மின்சாரமே இல்லாத ஹீலியோஸுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அன்றிரவு லென்ஸை மரை கழற்றித் தனியே எடுத்தேன். குலுக்கினேன். காமிராவில் சத்தமில்லை, லென்ஸில்தான். ஒளித்துளையைச் சுருக்கினேன். எட்டு இதழ்களும் ஒழுங்காக மூடின. மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தேன். 'டொக்' என்று ஒரே ஓசை. நிமிர்த்தினேன், மீண்டும் ஒரு 'டொக்'. உடைந்த சில்லுகளாக இருந்தால் 'கரகர' என்று உருளும். இதுவோ முழுசாக ஒன்று முன்னும் பின்னும் நகரும் ஓசை. டியூப்லைட்டின் கீழ் பிடித்துச் சாய்த்தேன். பின்கண்ணாடியில் தெரிந்த விளக்கின் நிழல் மட்டும் துள்ளியது. அதை இறுக்கிப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்!

வளையத்தில் எதிரெதிரே இரண்டு சிறு பள்ளங்கள். திருப்ப இருமுனைக் கருவி வேண்டும். விழித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றும் பேசாமல் தம்பி தன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து நீட்டினான். முனை நழுவினால் கீறல் விழுமென்று கண்ணாடியின்மேல் வட்டமாக வெட்டிய காகிதத்தை வைத்தேன். நாலைந்து முறை நழுவியபின் வளையம் இறுகியது. அதிகம் முறுக்கினால் கண்ணாடிக்கு ஆபத்து. ஆட்டம் நின்றதும் நிறுத்தினேன். மறுபடி தளராமலிருக்க விளிம்பில் அம்மாவின் நகப்பூச்சு ஒரு சொட்டு. குலுக்கினேன். நிசப்தம்.

பெரியப்பா அதைப் பல ஆண்டுகள் ஸ்கூட்டரில் கொண்டு திரிந்தவர். அதிர்ச்சியில் மரை கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்திருக்க வேண்டும். கீழே விழுந்த லென்ஸின் முன்விளிம்பு பெரும்பாலும் நசுங்கும். இதில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. முதல்நாளே பார்த்திருக்கலாம். லென்ஸைச் சோதிக்குமுன் தம்பிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்!

"மன்னிச்சிடுடா" என்றேன். அவன் தலையாட்டினான்.

அடுத்த ஞாயிறு முகத்துவாரத்துக்குச் சென்று, 1977-இல் உடைந்த பாலத்தைக் கரையில் நின்று படமெடுத்தோம். கண்ணாடி சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மங்கும். பிரிண்ட் வந்தபோது பாலம் இருபுறமும் தெளிவாக இருந்தது. அதே சுருளில் தம்பியின் படமும் ஒன்று. அதில் அவன் சிரிக்கவில்லை.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று இன்றுவரை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

— மூன்றாம் ஆண்டு, இயற்பியல்