இரு வேலிகளின் இடையே

எம்மவர் பலர் குடியேறி வாழும் சுவிற்சர்லாந்தின் வடகிழக்கு எல்லையிலே போடன் என்னும் பேரேரி பரந்து கிடக்கின்றது. அதன் கரையில் ஜேர்மனியைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் நகரும், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த குறொய்ற்ஸ்லிங்கன் நகரும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் அமைந்துள்ளன. ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகின்றதென அறிவது புதியவர்க்கு அரிது. உலகப்போர்க் காலத்தில் அங்கே எழுந்த எல்லைவேலி 2006 ஆம் ஆண்டில் ஏரிக்கரையினின்றும் அகற்றப்பட்டது. அது நின்ற இடத்திலே இன்று கலைஞர் யொகன்னஸ் டேர்பிளிங்கர் ஆக்கிய 22 சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன.

2020 மார்ச்சு மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவவே, அந்தப் புல்வெளியில் மீண்டும் வேலி எழுந்தது. ஓரூரார்போல் வாழ்ந்தவர்கள் சட்டென்று இரு நாட்டினராயினர். காதலரும் உறவினரும் நண்பரும் வேலியை நாடி வந்தனர். கம்பி வலையினூடே கைகள் கோத்துக்கொண்டன. தொற்றுக்கு அஞ்சிய அதிகாரிகள் இரண்டு மீற்றர் தள்ளி இன்னொரு வேலியை அமைத்தனர். அதன்பின் கைகளும் எட்டவில்லை.

ஆயினும் வருவோர் வந்துகொண்டேயிருந்தனர். இருபுறமும் நாற்காலி இட்டு அமர்ந்து, இடைவெளிக்கு மேலாகக் குரலை உயர்த்தி உரையாடினர்.

இவர்களிடம் தொலைபேசி இல்லையா? இருந்தது, முகம் பார்த்துப் பேசும் வசதியும் அதில் இருந்தது. பின் ஏன் வேலியடிக்கு வந்தனர்? தொலைபேசியிற் பேசுபவர் பேசிக்கொண்டே வேறு கருமமும் பார்க்கலாம். வேலியடியில் வந்து அமர்பவரோ தம் பொழுதையே மற்றவர்க்கு ஈகின்றார். அன்பு வேண்டி நிற்பது அந்த ஈகையையே.

மணமாகாத காதலர்க்கு எல்லை கடக்கும் உரிமை தொடக்கத்தில் இருக்கவில்லை. மே மாத நடுவில் வேலிகள் நீக்கப்பட்டன. தம் உறவை உறுதிசெய்து கையொப்பமிட்ட இணையர்க்கும் வழி திறந்தது. யூன் 15 ஆம் நாள் எல்லை யாவர்க்கும் திறக்கப்பட்டது.

இன்று அங்கே செல்வோர் காண்பது சிற்பங்களையும் ஏரிநீரையுமே. வேலியின் சுவடு இல்லை. ஆனால் அவ்விடம் நம்மை ஒன்று கேட்கின்றது: இரு வேலிகளுக்கு அப்பாலிருந்தவரோடு நாள்தோறும் அமர்ந்து பேச மனிதரால் முடிந்ததென்றால், வேலியே இல்லாத நம் வீட்டில், அடுத்த அறையில் இருக்கும் முதிய தந்தையோடு நாம் எத்துணைப் பொழுது அமர்கின்றோம்?