பக்கவாத்தியம்

கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். அப்போது பாலக்காட்டு மணி ஐயரின் முகம் போன போக்கு ஞாபகம் இருக்கிறதா? 1990-ல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் நாலு கமலைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும். ஆனால், டி.வி-யில் அந்தக் காட்சி வரும்போது கவனியுங்கள். நம் கண் தானாக மணி ஐயரிடம் போய் நிற்கும்.

அதற்கு முந்தின வருஷம், ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் நாலு வில்லன்கள். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர்... நாலாவது ஆள் இதே மனுஷர்தான்! 1989-ல் கமலின் அப்பாவைக் கொன்ற கும்பலில் இருந்தவர், 1990-ல் கமலை எடுத்து வளர்த்த அப்பா ஆகிவிட்டார். நாமும் மறுபேச்சு பேசாமல் நம்பினோம். எந்த ஹீரோவுக்கும் இந்தச் சலுகையை நாம் கொடுப்பதில்லை.

டெல்லி கணேஷ், 1944-ல் வல்லநாட்டில் பிறந்தவர். தாமிரபரணித் தண்ணீர். பாலக்காட்டுத் தமிழ் அவருக்கு வாங்கி வைத்துக்கொண்ட பாஷை. 1964-ல் இருந்து 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்ற தமிழ் நாடகக் குழுவில் நடித்தார். முப்பது வயதில் யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, நடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முப்பது வயதில் சர்க்கார் வேலையை விடுவது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பெரியப்பா இருக்கிறார். வங்கியில் கிளார்க். எழுபதுகளில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு லெட்ஜரை மூடிவிட்டு, ஆறரைக்கு சபா மேடையில் பவுடர் பூசிக்கொண்டு நிற்பார். அந்தக் காலத்து சபா நாடகமே ஆபீஸ் ஆசாமிகளால்தான் ஓடியது. கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ், நாகேஷ் ரயில்வே. அவர்கள் விட்டுவிட்டு வந்தார்கள். பெரியப்பாவும் ராஜினாமா கடிதம் எழுதினார். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் பாக்கி இருந்ததால், கடிதம் ட்ரங்க் பெட்டிக்குள் போய்விட்டது. 

சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் டெல்லி கணேஷ் நடித்துக்கொண்டிருந்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை 1977-ல் பாலசந்தர் படமாக்கினார். அதில் இவருக்கு வேஷம் கொடுத்து, பெயருக்கு முன்னால் டெல்லியையும் சேர்த்துவிட்டார்.

“எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுடா” என்பார் பெரியப்பா. அதில் பொறாமை இருக்கிறதா என்று நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். இருந்தது. ஆனால், அது நடிகன் இன்னொரு நடிகனைப் பார்க்கிற பொறாமை.

1979-ல் துரை இயக்கிய ‘பசி’. ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். சேரியில் குடியிருக்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரராக, ஷோபாவின் அப்பாவாக டெல்லி கணேஷ். விமானப்படை மிடுக்கெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அந்தப் படத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து ‘எங்கம்மா மகாராணி’யில் ஹீரோவாகவும் நடித்துப் பார்த்தார். பிறகு திரும்பவும் அப்பா, அண்ணன், மாமா, குமாஸ்தா.

இங்கேதான் பெரியப்பா ஒன்று சொன்னார். “வேலையை விடறதுக்கு ஒரு தைரியம் வேணும். விட்டுட்டு வந்து, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ரெண்டு சீன் பண்ணிட்டு, மூஞ்சியச் சுளிக்காம வீட்டுக்கு வரணும் பாரு... அதுக்கு அதைவிட ஜாஸ்தி தைரியம் வேணும். என்கிட்ட முதல் தைரியமே இல்ல.”

யோசித்துப் பாருங்கள். குணச்சித்திர நடிகருக்கு அறிமுகப் பாட்டு கிடையாது. அவர் வரும்போது தியேட்டரில் விசில் பறக்காது. வந்த பத்தாவது விநாடியில், ‘இந்த ஆள் இந்த வீட்டுக்காரர்தான்’ என்று நாம் நம்பியாக வேண்டும். ஹீரோ அழுதால் நாம் அழுவது, பக்கத்தில் நிற்கிற இவர் அதை நம்பிவிட்டார் என்பதால்தான்.

‘சிந்து பைரவி’யில் (1985) இவர் மிருதங்க வித்வான். குடிப் பழக்கம். குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக, மிருதங்கமே இல்லாமல் சிவகுமார் கச்சேரி செய்துவிடுவார். வெளியே போகிற டெல்லி கணேஷின் அவமானம் இருக்கிறதே... பின்னால் அதே சிவகுமார் குடிக்கு அடிமையாகும்போது, நமக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முகம்தான்.

‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் ஐயர் இருப்பார். அடுத்தவன் பேச்சைத் திருப்பிச் சொல்லுகிற வேஷத்தில் என்ன நடித்துவிட முடியும்? பார்த்தால் தெரியும். சொல்லுகிற வார்த்தை வேலுவுடையது, பயம் மட்டும் ஐயருடையது.

“நான் பண்ணியிருந்தா கையைக் காலை ஆட்டியிருப்பேன்டா. இவ்வளவு கம்மியா பண்ண எனக்கு வந்திருக்காது” என்றார் பெரியப்பா ஒருநாள். ட்ரங்க் பெட்டிக் கடிதத்தைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

நானூறு படங்களுக்கு மேல். டி.வி. சீரியல், குறும்படம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். 2024 நவம்பர் 9-ம் தேதி, எண்பதாவது வயதில் காலமானார். சினிமாக்காரர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள். அப்புறம், சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத சிலர் யூனிஃபார்மில் வந்தார்கள். விமானப்படைக் கொடியை அவர்மேல் போர்த்தி மரியாதை செய்தார்கள். 1974-ல் அவர் விட்டுவிட்டு வந்த வேலை, ஐம்பது வருஷம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றது.

டி.வி-யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அம்பது வருஷ லீவு” என்றார். “சாங்ஷன் ஆயிடுச்சுடா.”